விழித்திருக்கும் தகப்பனிடம் பிள்ளையைக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் மகள் செப்டெம்பர் கடைசியில் பிறந்தாள். ஒக்டோபர் முழுவதும் வீட்டில் ரொறன்ரோ பேஸ்போல் அணி புளூ ஜேய்ஸின் பிளேஓஃப்தான். துடக்குக் கழித்த அன்றும் ஐயரை வழியனுப்பிய கையோடு ஆண்கள் எல்லாரும் பேஸ்மென்டுக்கு இறங்கிவிட்டார்கள். 18 இன்னிங்ஸ் ஓடிய அந்த இரவு, பிள்ளை அழுகிற சத்தத்தில் ரிவி கேட்கவில்லை, மேலே கொண்டுபோ என்றார் கணவர். இப்போது கேட்டால், '32 வருஷத்துக்கு ஒருமுறை வாறது, இதைப் போய்ப் பெரிசுபடுத்துறாய்' என்கிறார். மாமியோ 'ஆம்பிளையள் அப்பிடித்தான்' என்று முடித்துவிட்டார். தொடர் முடிந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. நான் சின்னத்தனமாக நடக்கிறேனா?
- ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: இல்லை. ஆனால் ஆட்டம் பார்த்ததற்காகக் கோபப்படுகிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள். 1993க்குப் பிறகு ரொறன்ரோ அணி உலகத் தொடருக்கு, அதாவது பேஸ்போலின் இறுதித் தொடருக்கு, போனது 2025இல்தான் முதல் தடவை. நகரமே தூங்கவில்லை. இந்த இதழ் பிந்தியதற்கும் காரணம் அதுதான், அச்சகத்தைக் குறை சொல்லாதீர்கள்.

கணக்கு இடிக்கிற இடம் வேறு. நீங்கள் சொல்லும் அந்த இரவு, ஒக்டோபர் 27, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியோடு அவர்கள் ஊரில் நடந்த மூன்றாவது ஆட்டம். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது, சமனாக நின்றதால் நீண்டுவிட்டது. நமக்கு இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று மணியை நெருங்கும்போதுதான் முடிந்தது. மொத்தம் 6 மணி 39 நிமிடம். சாதாரண பருவ ஆட்டமென்றால் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி வைத்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள். பிளேஓஃபில் அந்தச் சலுகை கிடையாது. டொட்ஜர்ஸின் பிரெடி பிறீமன் ஹோம் ரன் அடித்து வீட்டுக்கு அனுப்பும்வரை எல்லாரும் இருந்தேயாக வேண்டியிருந்தது.

அந்த ஆறே முக்கால் மணி நேரத்தில் ஒரு மாதப் பிள்ளை எத்தனை தடவை பால் கேட்டிருக்கும்? நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும் வயது. ஆக, இரண்டு மூன்று தடவையாவது எழும்பியிருப்பாள். நீங்களும் எழும்பியிருப்பீர்கள். கீழே ஒருவர் முழு விழிப்போடு, முழு உற்சாகத்தோடு, கையில் சிப்ஸ் பையோடு இருந்தார். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்காக இரவு மூன்று மணிவரை ஒருவர் விழித்திருந்தால் போதாதா? அவர் எப்படியும் தூங்கப்போவதில்லை. அப்படியானால் முதல் பந்திலிருந்து கடைசி அவுட் வரைக்கும் பிள்ளை அவருடைய பொறுப்பு. பால் கொடுக்க மட்டும் உங்களை எழுப்பட்டும். ஏப்பம் விடவைப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவர் வேலை. ஒவ்வோர் அரை இன்னிங்ஸ் முடிந்ததும் விளம்பரம் போகும். 18 இன்னிங்ஸுக்கு அப்படி 35 இடைவேளை. ஒரு பம்பர்ஸ் மாற்ற அதில் ஒன்று போதும். கை பழகாதவர் என்றால் இரண்டு.

'மேலே கொண்டுபோ' என்றாரே, அந்தச் சொல்லுக்குத்தான் உங்களுக்கு மனம் ஆறவில்லை. ஆறவும் தேவையில்லை. பிள்ளையின் சத்தம் ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று தோன்றியவருக்கு, ஆட்டத்தின் சத்தம் பிள்ளைக்கு இடைஞ்சல் என்று தோன்றவில்லை. பேஸ்மென்டில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் மேல்மாடியில் படுத்திருக்கும் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு எழும்பும். பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு செற்றியில் சாய்ந்து ஆட்டம் பார்க்கும் தகப்பன்மாரின் படங்களை ஒக்டோபரில் எல்லாரும் பகிர்ந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பெரியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டால் பிள்ளை மெத்தை இடுக்கில் சரிந்து மூச்சு முட்டலாம். செற்றியிலும் சாய்வு நாற்காலியிலும் பிள்ளையோடு தூங்குவது மிக ஆபத்தானது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கண் சொருகத் தொடங்கியதும் பிள்ளையைத் தொட்டிலில், மல்லாக்க, தனியாகப் படுக்க வைத்துவிட வேண்டும். பன்னிரண்டாவது இன்னிங்ஸாக இருந்தாலும் சரி.

அடுத்தது அந்த 32 வருஷ வாதம். உங்கள் கணவருக்கு டானியல் ஹட்சனைத் தெரிந்திருக்கும், நினைவுபடுத்துங்கள். வொஷிங்டன் நஷனல்ஸ் அணியில் பந்து எறிந்தவர் (பிட்ச்சர்). 2019 ஒக்டோபர் 11, உலகத் தொடருக்கு முந்திய லீக் சம்பியன் தொடரின் முதல் ஆட்டம் சென் லூயிஸில். வொஷிங்டன் அணிக்கு அதுவரை ஓர் உலகத் தொடர்கூடக் கிடைத்ததில்லை. ஆட்டத்தைக் கடைசியில் முடித்துக் கொடுக்க அணி நம்பியிருந்தது இவரை. இவரோ அரிசோனாவில் மனைவியின் பக்கத்தில் இருந்தார். அன்று அவர்களுக்கு மூன்றாவது மகள் பிறந்தாள். வேறொரு அணியின் தலைவராக முன்பு இருந்தவர் ஒருவர், தாயும் பிள்ளையும் நலமென்றால் இவர் மைதானத்தில் இருக்க வேண்டாமா என்று பொரிந்து தள்ளினார். அதற்கு ஹட்சனின் சகா ஷோன் டூலிட்டில், ஒருவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் வாழ்த்துவதைத் தவிர வேறெதுவும் சொல்பவரை என்னவென்று அழைக்கலாம் என்று ஒரு சொல் சொன்னார். குடும்பப் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது. மாமி தூங்கிய பிறகு தேடிப் பாருங்கள். அணி அந்த ஆட்டத்தை 2-0 என்று வென்றது. அதே மாதம் 30ஆம் திகதி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் கடைசிப் பந்தை எறிந்து கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவரும் ஹட்சன்தான். அப்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுபவரே அப்படி விட்டுவிட்டுப் போனார். உங்கள் கணவர் எந்த இன்னிங்ஸில் பந்து எறியவிருந்தார்? அவர் மாடிப்படி ஏறிப் போயிருந்தால் அணிக்குத் தவறிப்போயிருக்கும் அவுட் ஏதாவது உண்டா?

மாமிக்கும் ஒரு செய்தி. பேஸ்போல் லீக்கில் தகப்பன் விடுப்பு என்று 2011இலிருந்தே ஒரு விதி இருக்கிறது. பிள்ளை பிறந்தால் வீரர் மூன்று நாள்வரை போய்வரலாம், அவர் இடத்தில் அணி வேறொருவரை எடுத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் டொட்ஜர்ஸின் நட்சத்திர வீரர் ஒத்தானியும் அப்படிப் போய்வந்தார். உங்கள் 18 இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒன்பது தடவை பேஸை அடைந்து ஜேய்ஸை வாட்டியவர் இந்தக் கைக்குழந்தைத் தகப்பன்தான். ஆம்பிளையள் எல்லாரும் அப்பிடியில்லை, மாமி.

இனி உங்களுக்கு. கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை ஊகித்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முதல் வாரத்தில் அவர் பிள்ளையைத் தூக்கியபோது 'கழுத்தைப் பிடியுங்கோ, கழுத்தைப் பிடியுங்கோ' என்று நீங்களும் மாமியும் இரண்டு பக்கமும் நின்றிருப்பீர்கள். குளிக்க வார்க்க விட்டிருக்கமாட்டீர்கள். பிள்ளை சிணுங்கியதும் கையிலிருந்து வாங்கியிருப்பீர்கள். நம் வீடுகளில் இது வழக்கம். பேறு பார்க்கிற வீட்டில் ஆணுக்கு வேலையே இல்லை என்று முப்பத்தொரு நாளும் துரத்திவிட்டு, முப்பத்திரண்டாம் நாள் அவரைத் தேடினால் அவர் பேஸ்மென்டில்தான் இருப்பார். பிள்ளையைக் கொடுத்தால் கொடுத்ததுதான். பம்பர்ஸைப் பின்முன்னாகக் கட்டினாலும் பேசாமல் போய்ப் படுங்கள்.

தொடர் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும், நவம்பர் 1 இரவு ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் ஜேய்ஸ் 5-4 என்று தோற்றது. அன்று இரவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். தோற்றவர்களுக்கும் பச்சைப் பிள்ளைக்காரருக்கும் இரவு நீண்டதுதான் மிச்சம்.

பழைய கணக்கைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. வேலைக் காப்புறுதி (EI) தரும் பெற்றோர் விடுப்புப் பணத்தில், நீட்டித்த தெரிவை எடுக்காமல் வழமையான தெரிவை (standard) எடுத்தால், ஒருவர் 35 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. இருவருக்கும் தகுதியிருந்து இருவரும் பகிர்ந்தால் மொத்தம் 40 வாரம். அந்த ஐந்து வாரத்தை மற்றவர் எடுக்காவிட்டால் அது இல்லாமலே போய்விடும். உங்கள் கணவர் எடுத்துவிட்டாரா? இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்த ஒக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போடக்கூடும். முடியாது. இந்தத் தெரிவில் பிள்ளை பிறந்து 52 வாரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அது செப்டெம்பரோடு சரி.