மருத்துவத்திலிருந்து மென்பொருளுக்கு மாறினால் படித்தது வீணாகிவிடுமா?

மருத்துவராகப் பணியாற்றுகிறேன், நிரல் எழுதுவது பிடித்திருக்கிறது, துறை மாறினால் இத்தனை ஆண்டுப் படிப்பு வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. நானும் வார்டிலிருந்து வந்தவன்தான். இப்போது நோயாளிகளின் பதிவேடுகளுக்கான மென்பொருளை எழுதுகிறேன்.

நோயறியும் பழக்கம் அப்படியே கூட வரும். நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் மாரடைப்பா, நுரையீரலில் ரத்தக்கட்டா, வெறும் நெஞ்செரிச்சலா என்று வரிசைப்படுத்தி, உயிரைப் பறிக்கக்கூடியதை முதலில் விலக்குகிறோம். நள்ளிரவில் சர்வர் நின்றுபோனாலும் கேள்விகள் இவையே: எப்போது தொடங்கியது, சற்று முன் என்ன மாறியது, எல்லோருக்கும் இப்படியா? புதிய நிரலாளர்கள் பலர் ஒரே நேரத்தில் நான்கு இடங்களை மாற்றிவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் திகைப்பார்கள்.

அதைவிடப் பெரிய சொத்து, எண்ணின் பொருள் தெரிந்திருப்பது. ரத்தச் சர்க்கரை 5.5 என்று அலகு இல்லாமல் ஒரு மதிப்பு வருகிறது. லிட்டருக்கு மில்லிமோல் என்றால் இயல்பு. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றால் அந்த நோயாளியின் உயிரே ஆபத்தில் இருக்கிறது. இதைக் கண்டு பதறுகிற ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தின் வரலாற்றை அவசியம் படியுங்கள். 1985 முதல் 1987 வரை குறைந்தது ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பியிருந்தார்கள். இயக்குபவர் விவரங்களை வேகமாகத் திருத்தியபோது, உள்ளே ஒரே நேரத்தில் ஓடிய பணிகள் ஒத்திசைவை இழந்தன. திரையில் தெரிந்ததோ 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்ற வரி மட்டும். அத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வந்து பழகியிருந்ததால், தொடர்வதற்கான விசையை அழுத்தினார்கள். ஓயாமல் அலறும் மானிட்டர்களுக்கு நடுவே வேலை செய்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் திரையை வடிவமைக்கும் இடத்தில் நம்மைப் போன்றவர்கள் இருக்க வேண்டும் என்றுதான் நான் இங்கே இருக்கிறேன்.

விட வேண்டிய பழக்கமும் உண்டு. தவறே நேரக்கூடாது என்று பயின்ற கை, விசைப்பலகையிலும் தயங்கும். உங்கள் சொந்தக் கணினியில் எதையும் உடைத்துப் பார்க்கலாம். நிரலில் செய்யும் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் 'கிட்' என்ற கருவி இருந்தால், பதிவுசெய்து வைத்த நிலைக்குத் திரும்பிவிடலாம். உடைத்துப் பார்க்காமல் இந்தத் தொழில் வராது. வயதில் இளையவர் உங்கள் நிரலில் குறை சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

வேலையை இப்போதே விடாதீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியையும், தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்க்யூஎல் மொழியையும் கற்றுக்கொண்டு, காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சிறு செயலி ஒன்றை எழுதுங்கள். எடைக்குப் பதில் உயரத்தை ஒருவர் உள்ளிட்டால் அது என்ன செய்யும் என்று சோதித்துப் பாருங்கள். அந்த வேலையில் நேரம் போவது தெரியவில்லை என்றால், அடுத்து மருத்துவத் தரவுகளைப் பரிமாறுவதற்கான எஃப்ஹெச்ஐஆர், ஸ்கேன் போன்ற மருத்துவப் படங்களுக்கான டைகாம் ஆகிய தரநிலைகளைப் படிக்கத் தொடங்குங்கள். துறை மாற நினைப்பதற்கு இரவுப் பணியின் களைப்பு மட்டுமே காரணம் என்றால் நோய்க்குறியியல், பொதுச் சுகாதாரம் போன்ற பிரிவுகளையும் யோசியுங்கள். மென்பொருளிலும் இரவில் எழுப்புவார்கள். எந்த முடிவு எடுத்தாலும் மருத்துவராகப் பணிபுரிய நீங்கள் பெற்றிருக்கும் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். அதைப் புதுப்பிக்கும் விதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.