மயக்கவியல் தாளை வார்டில் யார் படிப்பது?

கேள்வி: நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை வார்டின் பொறுப்புச் செவிலியர். தியேட்டரிலிருந்து வரும் கேஸ் ஷீட்டில், அறுவையின்போது தந்த மருந்துகளையும் நோயாளியின் நாடி, மூச்சையும் நேரவாரியாகக் குறிக்கும் மயக்கவியல் பதிவுத்தாளும் இருக்கிறது. அது மருத்துவருக்கானது என்று இளம் செவிலியர்கள் அதைப் புரட்டுவதே இல்லை. அவர்களுக்கு எவ்வாறு பயிற்சி அளிப்பது?

பதில்: தாள் முழுவதையும் கற்பிக்க முயல வேண்டாம். 'இதில் உள்ள எந்த வரி, இன்றிரவு நான் செய்யவேண்டியதை மாற்றும்?' என்ற ஒரே கேள்வியோடு அதைப் படிக்கப் பழக்கினால் போதும்.

சிசேரியன் முடிந்து வரும் தாயை எடுத்துக்கொள்வோம். முதுகுத் தண்டுவட ஊசியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு ஃபென்டானில் என்ற வலிநிவாரணி மட்டும் சேர்க்கப்பட்டிருந்தால் அதன் தாக்கம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் அதே வகை வலிநிவாரணியான மார்ஃபின் சேர்க்கப்பட்டிருந்தால், அது கொழுப்பில் எளிதில் கரையாததால் தண்டுவட நீரிலேயே தங்கி, மெல்ல மூளையை நோக்கி மேலேறி, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சைத் தளர்த்தக்கூடும். அதனால்தான் முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் அடுத்த 12 மணி நேரம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மூச்சையும் விழிப்புநிலையையும் பார்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது. உடல்நலமுள்ள தாய்க்கு மிகக் குறைந்த அளவே தரப்பட்டிருந்தால் இந்த இடைவெளியை மயக்கவியல் மருத்துவர் தளர்த்தலாம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டினாலும், மூச்சு குறைந்து கரியமில வாயு தேங்கிக்கொண்டிருக்கலாம் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்வேன். எழுப்பினாலும் கண்திறக்கத் தயங்கும் நோயாளியை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று குறித்துவிட்டு நகரக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழே இறங்கினால் உடனே மயக்கவியல் மருத்துவரை அழைக்க வேண்டும், மார்ஃபினின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பாராசிட்டமால். தியேட்டரில் 11 மணிக்கு 1 கிராம் ஏற்றப்பட்டதைப் பார்க்காமல், வார்டுக்கு வந்ததும் 1 மணிக்கு இன்னொரு கிராம் ஏற்றுவது எளிதில் நேரக்கூடிய தவறு. ஒவ்வாமை, இரத்த இழப்பு, ஏற்றிய திரவம், கடைசியாகத் தந்த வாந்தித் தடுப்பு மருந்தின் நேரம் ஆகியவற்றையும் இதே நோக்கில் பார்க்கலாம்.

பயிற்சிக்குத் தனி வகுப்பறை வேண்டாம். அன்று வந்த நோயாளியின் தாளையே எடுத்து, கட்டிலருகில் பத்து நிமிடம், செவிலியர் சொல்ல மயக்கவியல் மருத்துவர் கேட்பதாக நடத்துங்கள். இந்தத் தாளின் தொடக்கமே மாணவர்களிடம்தான்: 1890களில் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்த ஹார்வி குஷிங், அமோரி காட்மன் என்ற இரு மருத்துவ மாணவர்கள், நோயாளியின் நாடியையும் மூச்சையும் நேரவாரியாகக் குறிக்கத் தொடங்கினார்கள்.

கையெழுத்துப் புரியவில்லை என்றால் அது செவிலியரின் குறை அன்று. ரெகவரி அறையிலிருந்து ஸ்ட்ரெச்சர் நகரும் முன்பே, 'முதுகில் மார்ஃபின் போட்டீர்களா, எத்தனை மணிக்கு?' என்று கேட்டு, விடையைத் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. எங்கள் மயக்கவியல் துறை மருத்துவர்கள் அதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.