போர் தண்ணீர் வீட்டில் எந்த அழுக்குக்கு எதை ஊற்றுவது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். புழங்குவது போர் தண்ணீர்தான். குழாய், ஷவர், குளியலறை டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஆசிட், பினாயில் எல்லாம் வேண்டாம் என்று நானே தயாரிக்க ஆரம்பித்தேன். வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து பாட்டிலில் வைத்துத் தெளித்தேன், கறை அசையவில்லை. பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீரில் பாத்திரம் கழுவினேன், நாலு நாளில் நாற்றம் எடுத்துவிட்டது. இப்போது எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் நொதிக்கவிட்டுச் செய்யும் என்சைம் ஊறிக்கொண்டிருக்கிறது. சமையலறை மேடை கடப்பா கல். அதற்கும் இந்த என்சைமையே ஊற்றலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: ஊற்றாதீர்கள். கடப்பா என்பது சுண்ணாம்புக் கல். எலுமிச்சை, புளி, வினிகர், என்சைம் என்று புளிப்பு எதுவானாலும் அதை அரிக்கும். பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு விழுந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதைக் கறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எலுமிச்சை போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அங்கே கல்லின் மேற்பரப்பே கரைந்துபோயிருக்கிறது. திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். மார்பிள், மொசைக், புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருக்கும் பூப்போட்ட சிமெண்ட் தரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேடையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ ஒரு சொட்டு பாத்திர லிக்விடிலோ துடைத்து, ஈரம் போக உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்துவிடுங்கள், போதும்.

குழாயில் படிந்திருக்கும் வெள்ளையும் அநேகமாக அந்தக் கல்லின் உறவுதான். போர் தண்ணீரில் கரைந்து வரும் கால்சியம், தண்ணீர் காய்ந்ததும் கால்சியம் கார்பனேட்டாக ஒட்டிக்கொள்கிறது. கல்லை அரிக்கும் அதே புளிப்புதான் இதையும் கரைக்கும். ஆனால் கடற்கரை வீட்டில் இன்னொரு வெள்ளையும் உண்டு. ஜன்னல் கம்பியிலும் கண்ணாடியிலும் மெல்லிய மாவு போல இருப்பது கடற்காற்று கொண்டுவந்த உப்பு. அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை, ஈரத் துணியே போதும். கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கடி துடைப்பதுதான் முக்கியம். எது எது என்று தெரியவில்லையா? வெறும் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் மேலே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொடிப்பொடியாக நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவம்.

சரி, வினிகர் புளிப்புதானே, ஏன் வேலை செய்யவில்லை? சோடாவைச் சேர்த்ததுதான் காரணம். ஆப்ப சோடா காரம். இரண்டையும் கலந்தால் பொங்குகிறதே, அந்தப் பொங்கலிலேயே இரண்டின் வீரியமும் தீர்ந்துவிடும். வாயு வெளியேறியபின் பாட்டிலில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். கூடுதலாக இருக்கும் வினிகரோ சோடாவோ கொஞ்சம் தங்கலாம், அவ்வளவுதான். வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும், படிவத்துக்கு உறைக்காது. சோடாவைத் தனியாக, ஈரத் துணியில் தொட்டுத் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். சிங்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் சலவை சோடாவும் சூடான தண்ணீரும் நல்ல ஜோடி. ஆனால் பிவிசி குழாயில் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடா பட்டால் கறுத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

படிவத்துக்கு நான் சொல்வது எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். கேன் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ கரைப்பது நல்லது. போர் தண்ணீரில் கரைத்தால் புளிப்பில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடேயே செலவாகிவிடும். பழைய பருத்தித் துணியை இதில் நனைத்துக் குழாயின் கழுத்தில் சுற்றி, காயாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி, அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்து வரும். ஷவர் என்றால் கவருக்குள் கரைசலை ஊற்றி, ஷவரின் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம். ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், குரோம் பூச்சுக்கு ஆகாது. பல வருஷப் படிவம் ஒரே தடவையில் போகாது, வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். டைல்ஸுக்கும் இதே கரைசல்தான், ஆனால் இடுக்குகளில் இருப்பது சிமெண்ட். தெளித்து, பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே வீடு துடைப்பவரா நீங்கள்? அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். தரையில் திட்டுத்திட்டாக வெள்ளை படிவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

பூந்திக்கொட்டை விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லை. அது வேகவைத்த கஷாயம். வெளியில் வைத்தால் ரசம் போலத்தான் கெட்டுப்போகும். விதை எடுத்த பதினைந்து இருபது கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைக்கு இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவிய தண்ணீரை மீன் தொட்டி, குளம் பக்கம் விடாதீர்கள். இதிலுள்ள சபோனின் மீனுக்கு விஷம்.

உங்கள் ஊர் தண்ணீருக்கு இது பொருத்தமான சரக்குதான். கடினத் தண்ணீரில் சோப்புக்கட்டி திரிந்து பிசுபிசுவென்று ஒட்டும், பூந்திக்கொட்டை அப்படித் திரியாது. ஆனால் எண்ணெய் வழியும் வாணலிக்கு இதன் பலம் போதாது. முதலில் காகிதத்தால் வழித்துவிட்டு, சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். மத்தி வறுத்த சட்டியின் கவுச்சிக்கு நம் வீடுகளில் புளி தேய்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்த வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளிப்பு பட்டதும் உப்பாக மாறி வாடை அடங்கிவிடும்.

என்சைம் பற்றி ஊரில் சொல்லும் மகிமைகளில் பாதியைத் தள்ளிவிடுங்கள். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் என்ற கணக்கு சரிதான். அது கடைசியில் தரும் வேலையில் பெரும்பகுதி, நொதித்து உண்டான அமிலத்தின் வேலை. அதாவது மணமுள்ள ஒரு நீர்த்த வினிகர். பீங்கான், டைல்ஸ் துடைக்க நன்றாக இருக்கும். கிருமிநாசினி என்று நம்பிவிடாதீர்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்.

வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தால் மட்டும் பிளீச்சிங் பவுடர் தேவைப்படும். அப்போது குழந்தையை வேறு அறையில் விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அதை மட்டும் தனியாகப் பயன்படுத்துங்கள். எலுமிச்சை உப்பு, வினிகர், என்சைம், கடையில் வாங்கும் டாய்லெட் ஆசிட் எதோடும் அது சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் மூச்சுத் திணறிவிடும். ஒரே பக்கெட், ஒரே பிரஷ் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் கூடாது.

அடுத்ததாக உங்கள் கண்ணில் படப்போவது, ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் வாங்கிச் சோப்பு ஆயில் செய்யும் கிட். இரண்டுமே தோலைப் புண்ணாக்கும், காஸ்டிக்கைக் கரைக்கும்போது கொதித்துத் தெறிக்கும். செய்து முடித்தால் கிடைப்பது கடையில் விற்கும் அதே டிடர்ஜென்ட்தான். தவழப்போகும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அந்தக் காஸ்டிக் வர வேண்டாம். சோப்பு ஆயிலைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.