பால்சோறு போதுமா?

கேள்வி: எங்கள் வீடு சைவம். பூனைக்கு இரண்டு வருடமாகப் பால்சோறு, தயிர்சோறுதான். இது போதுமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: போதாது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியக் காட்டுப்பூனை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், தானியத்துக்கு வந்த எலிகளைத் தேடி ஊருக்குள் நுழைந்தது. மனிதரோடு ஒட்டிக்கொண்டாலும் இறைச்சி தேவைப்படும் உடல் மாறவில்லை. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தயாரிக்காது. இறைச்சி, மீனில்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். கெட்ட விழித்திரை திரும்பாது. கால்நடை மருத்துவரிடம் கண்ணையும் இதயத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வீட்டில் இறைச்சி சமைக்க மனமில்லையென்றால், முழுமையான உணவு என்று அச்சிட்ட பூனைத்தீனி வாங்குங்கள். நாய்த்தீனி சரிப்படாது. 4 கிலோ பூனைக்கு உலர்தீனி நாளைக்கு 50-60 கிராம். முதலில் சோற்றோடு கால் பங்கு கலந்து, 7-10 நாளில் முழுதாக மாற்றுங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

முகர்ந்துவிட்டுப் போகிறதா? பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே, குண்டுப் பூனை என்றால் இன்னும் சுலபமாக, கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

யாராவது மீன் கொடுத்தால் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த நீரோடு வையுங்கள். டாரின் அந்த நீரில் இறங்கிவிடும். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.