பிசி தானா ஆஃப் ஆகுதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சும்மா "ஆஃப் ஆகுது"ன்னு எழுதாதீங்க. பிளக்க புடுங்குன மாதிரி பட்டுனு அணையுதா, ரீஸ்டார்ட் ஆகுதா, ப்ளூ ஸ்கிரீன் வருதா, என்ன பண்றப்ப நடக்குதுன்னும் சேத்து எழுதுங்க. இன்னொண்ணு, எஸ்எம்பிஎஸ் டப்பாவ (பிசிக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை) யாரும் தொறக்காதீங்க.

கார்த்தி: அண்ணா, கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல பட்டுனு அணையுது. உடனே ஆன் பண்ணா பயாஸ்லயே திரும்ப அணையுது. அரை மணி நேரம் விட்டா நல்லா வருது.

பதில்: இப்படி கேட்டா எவ்ளோ ஈஸியா இருக்கு பாருங்க. ஆற விட்டா வருதுன்னா சூடுதான் தம்பி, அதுவும் பயாஸ்லயே (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) போகுதுன்னா கூலர் ப்ராசஸர்ல ஒழுங்கா உக்காரல, இல்ல ஃபேன் சுத்தல. ஆறுனதும் ஆன் பண்ணி நேரா பயாஸ் போய் டெம்பரேச்சர் பாருங்க, ஒண்ணுமே பண்ணாம 80, 90ன்னு ஏறிட்டே போச்சுன்னா வேற எதையும் தேட வேணாம். பெரும்பாலான இன்டெல் ப்ராசஸருக்கு 100 டிகிரி கிட்ட லிமிட், முதல்ல வேகத்த குறைச்சு பாக்கும், அதுக்கும் அடங்கலன்னாதான் கட் பண்ணும். இன்டெல் ப்ராசஸர் கூட வர்ற கூலர்ல நாலு மூலைலயும் பிளாஸ்டிக் பின் இருக்கும், அதுல ஒண்ணு எகிறியிருந்தாலே போதும், மதர்போர்டுக்கு பின்பக்கம் நாலும் வெளிய வந்திருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. கழட்டுனா ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல இருக்குற பழைய பேஸ்ட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வச்சு தொடச்சிட்டு புதுசு போடணும், காய்ஞ்சத வச்சே திரும்ப மாட்டாதீங்க. தூசி ஊதும்போது ஃபேன விரலால புடிச்சுக்கோங்க, காத்துல கன்னாபின்னான்னு சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

பூங்கோதை: விண்டோஸ் எரர குறிச்சு வைக்குற ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41ன்னு சிவப்பா வருது. இதுக்கு எந்த டிரைவர் போடணும்?

பதில்: எந்த டிரைவரும் இல்லம்மா. "மூச்சு நின்னுடுச்சு"ன்னு மட்டும் எழுதுன இறப்பு சர்டிஃபிகேட் மாதிரி அது, போன தடவ ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் சொல்லும். அதுலயே டீடெயில்ஸ் தொறந்து பக்செக்கோட் பாருங்க. 0ன்னா விண்டோஸுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கல, பவர், சூடு அந்தப் பக்கம் தேடுங்க. வேற நம்பர்னா ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கு, உதாரணமா 292 இருந்தா ஹார்டுவேர் எரர். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ்ல ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி போய் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்க எடுத்துட்டா அடுத்த தடவ ஸ்கிரீன் அப்படியே நிக்கும், படிக்கலாம்.

ரஹீம்: பாய், எனக்கும் 41 வருது, ஃபார்மேட் பண்ணவா?

பதில்: மேல பூங்கோதைக்கு எழுதுனத படிங்க. ஃபார்மேட் வேணாம்.

விக்கி: டவுன்லோட் போட்டுட்டு தூங்குனா காலைல ஆஃப் ஆகி கிடக்கு.

பதில்: ஸ்லீப் செட்டிங். இல்ல ராத்திரி அப்டேட் போட்டிருக்கும்.

செல்வமணி: சார், 600 விஏ யூபிஎஸ் இருக்கு. கரண்ட் போனா பிசியும் சேந்தே போகுது. 600 வாட் தாங்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. என் எஸ்எம்பிஎஸ்ஸே 550 வாட்தான?

பதில்: விஏ வேற, வாட் வேற சார், நெசமா எவ்ளோ லோடு தாங்கும்னு வாட்டதான் பாக்கணும். பின்னாடி ஸ்டிக்கர் பாருங்க, 600 விஏன்னா பெரும்பாலும் 360 வாட்னுதான் போட்டிருக்கும்.

செல்வமணி: 550 இழுத்தா கரண்ட் இருக்கும்போதே யூபிஎஸ் கத்தணுமே?

பதில்: 550ங்கிறது அது குடுக்கக்கூடிய உச்சம், எப்பவும் இழுக்குறது இல்ல. உள்ள 300 வாட் தேவைப்பட்டா, 85 சதவீத எஃபிஷியன்சில சுவத்துலேருந்து 350 சொச்சம் இழுக்கும். அதுலயே உங்க யூபிஎஸ் முட்டிடுச்சு. வெறும் பிரவுசர தொறந்து வச்சுட்டு, முக்கியமான ஃபைல் எதுவும் தொறக்காம, யூபிஎஸ் மாட்டியிருக்குற சுவத்து ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணி பாருங்க.

நந்தினி: நடுவுல வர்றேன் அண்ணா, வாட் பிரச்சனையே இல்ல. விலை கம்மி யூபிஎஸ் பேட்டரில குடுக்குறது படிப்படியா ஏறி எறங்குற ஸ்டெப் வேவ், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்ட சீரா இழுக்குற சர்க்யூட்) இருக்குற எஸ்எம்பிஎஸ்க்கு அது ஆகாது. வீட்டு கரண்ட் மாதிரியே சைன் வேவ் குடுக்குற யூபிஎஸ் மாத்துனதும் எனக்கு சரியாச்சு.

பதில்: பாதி நெசம். சில எஸ்எம்பிஎஸ் அந்த வேவ்ல முரண்டு புடிக்கும், நெறைய எஸ்எம்பிஎஸ் பேசாம ஓடும். பேட்டரிக்கு மாற யூபிஎஸ் சில மில்லிசெகண்ட் எடுக்கும், நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லிசெகண்ட் கிட்ட தாக்குப்பிடிக்கும், மட்டமானது தாங்காது. புதுசு எத்தன விஏ வாங்குனீங்க?

நந்தினி: 1000. பழசு 600.

பதில்: வாட்டும் ஏறிச்சு, பேட்டரியும் புதுசு, வேவும் மாறிச்சு. மூணுல எது சரி பண்ணுச்சுன்னு எப்படி சொல்றீங்க?

நந்தினி: அதுக்காக வேவ் இல்லன்னும் நீங்க சொல்ல முடியாதுல்ல!

பதில்: முடியாது. அதான் செல்வமணி சார டெஸ்ட் பண்ண சொன்னேன். லோடே இல்லாதப்பவும் செத்தா பேட்டரி, இல்ல நீங்க சொல்ற வேவ். லோடுல மட்டும் செத்தா பெரும்பாலும் வாட், இல்ல பழைய பேட்டரி.

செல்வமணி: பிரவுசர்ல தாங்குது சார். கேம் போட்டா போயிடுது.

நந்தினி: சரி, இவருக்கு வாட். எனக்கு வேவ்தான்.

பதில்: நடத்துங்க. சார், ஸ்பீக்கர் யூபிஎஸ்ல இருந்தா கழட்டுங்க, லேசர் பிரின்டர் மாட்டவே மாட்டாதீங்க. பேட்டரி ரொம்ப பழசுன்னா முதல்ல அத மாத்துங்க, பழசு லோடுல டக்குனு படுத்துரும். அப்பவும் போச்சுன்னா ஸ்டிக்கர்ல வாட் பாத்து பெருசு வாங்குங்க.

மீனா: எஸ்எம்பிஎஸ் ஃபேன் கரகரங்குது, தொறந்து எண்ணெய் விட்டா?

பதில்: தொறக்காதீங்க!! பிளக்க கழட்டுனாலும் உள்ள கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கலாம். மாத்திடுங்க.

ஜோசப்: லேப்டாப் 30 சதவீதத்துலயே அணையுது.

பதில்: பேட்டரி தேஞ்சிருக்கு. டச்பேட் மேல தூக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பிருக்கு, யூஸ் பண்றத உடனே நிறுத்துங்க.

பிரபா: 41 வருது ப்ரோ, ஃபார்மேட் பண்ணிட்டேன், இன்னும் வருது.

பதில்: 🙏

தமிழ்: ப்ரோ, ஆன் பண்ணா நாலஞ்சு செகண்ட்ல அணையுது. திரும்ப தானா ஆன், திரும்ப ஆஃப். ரேம் மாத்தி பாத்தாச்சு, சூடு ஆகக்கூட நேரமில்ல.

பதில்: அந்த நாலஞ்சு செகண்ட்தான் க்ளூ. பவர் பட்டன நாலு செகண்ட் அமுக்கி புடிச்சா எந்த பிசியும் அணையும், உங்க பட்டன் உள்ளயே சிக்கி அமுங்கியே இருக்கலாம். மதர்போர்டுல பவர் எஸ்டபிள்யூன்னு போட்ட ஒயர கழட்டிட்டு, அந்த ரெண்டு பின்ன மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு தொடு தொட்டு எடுங்க, பக்கத்து பின்னுல பட வேணாம்.

தமிழ்: அடப்பாவி, ஓடுது ப்ரோ! ஆனா தினமும் ஸ்க்ரூடிரைவரா?

பதில்: ரீசெட் பட்டன் ஒயர கழட்டி அந்த பவர் பின்னுல மாட்டுங்க. இனிமே ரீசெட்தான் உங்க பவர் பட்டன்.