கேரம் பலகையில் ஏறும் பூனை: வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் கூடி விளையாடும் வீட்டில் தத்தெடுத்த பூனையும் இருந்தால் எழும் சிக்கல்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் இரண்டு பூனைகள் எங்கள் வீட்டில் உண்டு. ஞாயிறு மாலை நண்பர்கள் நால்வர் கேரம் ஆட உட்கார்ந்தால் போதும், இரண்டும் பலகையில் ஏறிவிடுகின்றன. பாதத்தில் ஒட்டும் பவுடரை நக்குகின்றன. கெடுதல் உண்டா? எப்படித் தடுப்பது?
(மதுரை வாசகர்)

முதலில் பவுடர். கேரம் பவுடர் என்று கடையில் விற்பதில் பெரும்பாலானது போரிக் அமிலம். பாதத்தில் ஒட்டிய சிறிதளவை நக்கினால் பெரும்பாலும் எச்சில் வடியும், ஒரு முறை வாந்தி எடுக்கும், அதோடு சரியாகிவிடும். டப்பா கவிழ்ந்து அதில் புரண்டுவிட்டு உடம்பு முழுக்க நக்கினால் நிலைமை வேறு. திரும்பத் திரும்ப வாந்தி, பேதி, தள்ளாட்டம் தெரிந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆட்டத்துக்கு இரண்டு சிட்டிகை தூவினால் போதும். பலகை வெள்ளையாகும்வரை கொட்டும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், டப்பா அவர் கையில் இருக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பலகையை உலர்ந்த பருத்தித் துணியாலும், சுற்றியுள்ள தரையை ஈரத்துணியாலும் துடையுங்கள். பூனை மிதித்துவிட்டால் நான்கு பாதங்களையும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உருளைக்கிழங்கு மாவில் செய்த கேரம் பவுடரும் கிடைக்கிறது. அரிசி மாவை மட்டும் மாற்றாகப் போடாதீர்கள். காய் சரியாக வழுக்காது, மறுநாள் எறும்பு வரிசை கட்டும்.

அடுத்து, ஏன் ஏறுகின்றன? சின்ன வட்டப் பொருள் சட்டென்று ஓடி ஒரு குழிக்குள் மறைகிறது. எலியைப் பிடிக்கப் பிறந்த கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னொரு காரணம் விளக்கு. பலகைக்கு மேலே பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தால் பலகை வெதுவெதுப்பாக இருக்கும், பூனை அதற்காகவே வந்து படுக்கும். எல்.இ.டி. பல்புக்கு மாற்றினால் பாதித் தொல்லை குறையும்.

கை தட்டி விரட்டுவதும், தூக்கிக் கீழே விடுவதும் பலன் தராது. அதுவும் ஒரு விளையாட்டு என்றே பூனை எடுத்துக்கொள்ளும். பூனையின் இயல்பு வரிசை இது: துரத்தும், பிடிக்கும், தின்னும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். அந்த வரிசையை நண்பர்கள் வருமுன் நீங்களே முடித்துவிடுங்கள். அரை மணி நேரம் முன்னதாக, குச்சி நுனியில் துணித்துண்டோ இறகோ கட்டி, தரையோடு தரையாக இழுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆட்டுங்கள். முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது. இரை எப்போதும் பூனையை விட்டு விலகித்தான் ஓடும், அப்படியே இழுக்க வேண்டும். நடுநடுவே பிடிக்க விடுங்கள். முடிந்த கையோடு இரவு உணவை வையுங்கள். இரண்டு பூனை என்றால் இரண்டு குச்சி, இரண்டு தட்டு. ஒன்று துரத்த மற்றது வேடிக்கை பார்த்தால், வேடிக்கை பார்த்ததுதான் பலகைக்கு வரும்.

பலகையைத் தரையில் போடாமல் ஸ்டாண்டில் வையுங்கள். பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு ஸ்டூலும் அதன்மேல் ஒரு காலி அட்டைப்பெட்டியும் இருக்கட்டும். பார்க்க இடம் கிடைத்தால் பல பூனைகள் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

காய் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம், வளர்ந்த பூனை விழுங்க வாய்ப்பில்லை. கவனிக்க வேண்டியது குழிகளின் அடியில் உள்ள வலை. நூல் பிரிந்து தொங்கினால் உடனே கத்தரித்துவிடுங்கள், ஏன் என்பது அடுத்த பதிலில். பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் அடியில் ஒரு தடுப்புக் கட்டை போட்டு, மேலே ஒரு கொக்கியும் மாட்டுங்கள். போட்டிக்கான பலகை பத்து கிலோவைத் தாண்டும். பின்னால் நுழைந்து நகம் தீட்டும் பூனைமேல் அது விழக் கூடாது.

தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து குரோஷா பின்னுகிறோம். நேற்று என் பூனை கம்பளி நூலை மென்று ஒரு சாண் அளவுக்கு விழுங்கிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருக்கலாமா?
(கோவை வாசகி)

காத்திருக்காதீர்கள். இதைப் படிக்கும்போதே மருத்துவரைப் பார்த்துவிட்டிருப்பீர்கள் என நம்புகிறோம். மற்றவர்களுக்காகவும் விரிவாகச் சொல்கிறோம்.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, மேலும் மேலும் உள்ளேதான் போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறு முனையைக் குடல் தன் போக்கில் முன்னே தள்ளும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோல் குடல் நூலின்மேல் சுருங்கி ஏறும். இறுகிய நூல் குடல் சுவரை அறுக்கும். பல வேளைகளில் அறுவை சிகிச்சைதான் வழி. முதல் நாள் பூனை சாதாரணமாக இருப்பது இதில் வழக்கம்தான். பிறகே வாந்தி, சாப்பிட மறுப்பது, கட்டிலுக்கடியில் ஒளிவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது எல்லாம் வரும்.

வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. இழுப்பது நீங்கள், அறுபடுவது குடல். ஆசனவாயில் நீளமாகத் தொங்கினால், மிதிபடாத அளவுக்கு விட்டுவிட்டு மீதியைக் கத்தரிக்கலாம். வாயில் தொங்கும் நூலை வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது தவறு, அந்த உப்பே ஆபத்து. மருத்துவரிடம் எத்தனை மணிக்கு, என்ன நூல், எவ்வளவு நீளம், ஊசி கோத்திருந்ததா என்று சொல்லுங்கள். மிச்ச நூலின் ஒரு துண்டைக் காட்டுவது இன்னும் நல்லது.

இனி உங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி: எல்லா நூலும் மூடியுள்ள டப்பாவில். மூடியில் ஒரு துளையிட்டு நூலை அதன் வழியே வெளியே எடுத்துப் பின்னுங்கள். எழுந்து போகும்போது பின்னியதும் டப்பாவுக்குள் போகட்டும். தையல் ஊசிகளை எண்ணி வெளியே எடுங்கள், எண்ணி உள்ளே வையுங்கள்.

நூலையே பிடித்து அடம்பிடிக்கும் பூனைக்கு ஒரு பந்து பின்னிக் கொடுக்கலாம். கம்பளி வேண்டாம், பருத்தி நூலும் 3 மி.மீ. ஊசியும் எடுங்கள். மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் குரோஷா போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டி 12, 18, 24, 30 என்று போங்கள். 30 கண்ணியிலேயே ஐந்து சுற்று. பிறகு 24, 18 என்று குறைத்து, பழைய பனியன் துண்டுகளை இறுக்கமாக அடைத்து, 12, 6 என்று மூடுங்கள். ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி வரும், விழுங்க முடியாது. நூல் முனையைப் பந்துக்குள் முன்னும் பின்னுமாக மூன்று முறை இழுத்து ஒளித்துவிட்டு ஒட்ட வெட்டுங்கள். பொத்தான் கண், மணி, வால் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணி பிரிந்தாலும் குப்பைக்குப் போய்விட வேண்டும்.

பல்லாங்குழிக் காய்களைப் பூனை தட்டித் தட்டி வீடெங்கும் உருட்டுகிறது. எந்தக் காய் பாதுகாப்பானது?
(கும்பகோணம் வாசகி)

சோழி. மற்றவற்றில் ஒன்றை வீட்டிலேயே வைக்கக் கூடாது: குன்றிமணி, அதாவது சிவப்பில் கறுப்புக் கண் உள்ள விதை. அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையின் ஓடு கெட்டியானது என்பதால் விழுங்கினாலும் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடிபட்டாலோ மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ நஞ்சு உள்ளே இறங்கும். பூனைக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும் இதே ஆபத்து. முழுச் சிவப்பாகத் தட்டையாக இருப்பது மஞ்சாடி. அது வேறு விதை, என்றாலும் விழுங்கும் அளவில்தான் இருக்கிறது. புளியங்கொட்டையும் அப்படியே, குட்டியின் குடலை அடைக்கலாம். பதினான்கு குழிக்கு ஐந்து வீதம் எழுபது காய். ஆடி முடித்ததும் எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தால் அலமாரிக்கு அடியில் தேடுங்கள்.

லேசர் விளக்கு காட்டி விளையாடலாமா?
(சேலம் வாசகர்)

எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எவ்வளவு துரத்தினாலும் பாதத்தில் எதுவும் சிக்காது. சில பூனைகள் பிறகு சுவரில் தெரியும் நிழலையெல்லாம் துரத்தத் தொடங்கும். காட்டியே ஆக வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் மட்டும் காட்டி, கடைசியில் புள்ளியை ஒரு துண்டு கோழிக்கறியின்மேல் நிறுத்தி அணையுங்கள். கண்ணில் படவே கூடாது.

ஏற்கெனவே மூன்று வயதுப் பெண் பூனை இருக்கிறது. இப்போது நான்கு மாதக் குட்டி ஒன்றைத் தத்தெடுக்கிறோம். வரும் அன்றே பார்க்க நண்பர்கள் எல்லோரும் வருகிறோம் என்கிறார்கள். சரியா?
(சென்னை வாசகி)

நண்பர்களை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். குட்டி வீட்டுக்கு வருமுன் மருத்துவரிடம் போகட்டும்: குடற்புழு மருந்து, பூனைகளுக்கான முத்தடுப்பூசி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை. கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் இதுதான் வயது, நாளையே கேட்டுவிடுங்கள். பெண் குட்டி ஐந்து மாதத்திலேயே சினையாகலாம்.

முதல் பத்துப் பதினான்கு நாள் குட்டிக்குத் தனி அறை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றின் தட்டு, அந்தப் பக்கம் மற்றதன் தட்டு. அமைதியாகச் சாப்பிட்டால் தினம் சிறிது கதவை நோக்கி நகர்த்துங்கள். இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பூனை முதலில் அறிமுகமாவது வாசனை வழியே. பிறகு கதவைக் கையகலம் திறந்து பார்க்கவிட்டு, கடைசியில்தான் நேரில். சீறுவது சண்டை ஆகாது, 'தள்ளி நில்' என்று சொல்வது அது. உருண்டு புரண்டு முடி பறந்தால் இடையில் கையை நுழைக்காமல் ஓர் அட்டையைச் செருகி, இரண்டு நாள் பின்னோக்கிப் போங்கள். இரண்டு பூனைக்கு மணல் தட்டு மூன்று வேண்டும், மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான்.

நண்பர்கள் வரும் நாளில் இருவர் இருவராக உள்ளே போய்த் தரையில் உட்காரட்டும். தூக்க வேண்டாம், கையை மட்டும் நீட்டினால் குட்டியே வந்து மோந்து பார்க்கும். பைகளை உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் பையில் பாராசிட்டமால் இருக்கும். பூனையின் ஈரல் அதைச் சமாளிக்காது, ஒரே மாத்திரை உயிரை எடுக்கப் போதும்.

நண்பர் ஒருவருக்குப் பூனையால் தும்மல் வருகிறது. பூனையை முடி வெட்டிவிட்டால் சரியாகுமா?
(திருச்சி வாசகர்)

ஆகாது. தும்மலுக்குக் காரணம் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் உள்ள ஒரு புரதம். நக்கும்போது முடியில் காய்ந்து, துகளாகிக் காற்றில் மிதக்கும். அவர் வருவதற்கு முதல் நாளிலிருந்தே பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள். பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். ஜமக்காளத்தை எடுத்துவிட்டுத் துவைத்த விரிப்பைப் போடுங்கள். பூனையைக் கொஞ்சிய சட்டையோடு பக்கத்தில் உட்காராதீர்கள். அவருக்கு ஆஸ்துமா இருந்தால் இதெல்லாம் போதாது, ஆட்டத்தை மொட்டை மாடிக்கோ அவர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள்.

குப்பைமேனியைக் கண்டால் பூனைக்குப் போதை ஏறுமாமே?
(தென்காசி வாசகர்)

வேருக்குத்தான் அந்த ஈர்ப்பு. பிடுங்கிய வேரைக் கழுவிப் போட்டால் பல பூனைகள் உரசும், புரளும், எச்சில் வடிக்கும், சில பூனைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. விரல் நீள வேர் ஒன்று, சில நிமிடம், வாரத்தில் ஓரிரு முறை. இலையைத் தின்னவிட வேண்டாம். பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்துச் செடியும், தெருநாய் காலைத் தூக்கும் இடத்துச் செடியும் வேண்டாம்.