லத்தீன் வேரைத் தேடிப் போய் நீங்கள் அசந்துபோன ஆங்கிலச் சொல் எது?

மஸில். தசை என்கிறோமே, அதேதான்.

பள்ளியில் இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் நடுவில் வரும் 'சி' எழுத்தை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவன் நான். வாயில் வராத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என்ற அந்த எரிச்சல் போகாமல், பல வருடம் கழித்து ஒருநாள் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது, லத்தீனில் அதன் வடிவம் 'மூஸ்குலுஸ்'. இரண்டாக வெட்டினால் 'மூஸ்' என்பது எலி, 'குலுஸ்' என்பது சின்னது என்று காட்டும் விகுதி. ஆக, குட்டி எலி! கையை மடக்கிப் புஜத்தை முறுக்கிப் பாருங்கள், தோலுக்கடியில் ஏதோ புரண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் வந்த பெயர் என்கிறார்கள். கிரேக்கர்களுக்கும் இதே கற்பனைதான், எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். தசைவலியை மருத்துவர்கள் மயால்ஜியா என்று சொல்கிறார்களே, அதில் இருப்பது அந்தக் கிரேக்க எலி.

சரி, என் 'சி' என்ன ஆனது? லத்தீனில் அதற்கு 'க' சத்தம். மஸிலில் ஊமையாகிவிட்டது, மஸ்குலர் என்று சொல்லும்போது இன்றும் கேட்கிறது.

இந்த 'குலுஸ்' விகுதி கண்ணில் பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பார்ட்டிகிள் என்றால் சின்னப் பகுதி, ஆர்ட்டிகிள் என்றால் சின்ன மூட்டு. எனக்குப் பிடித்தது கால்குலஸ்: சின்னக் கல். இதில் 'க' கல்லைக் குறிக்கும் வேரைச் சேர்ந்தது, விகுதி வெறும் 'உலுஸ்'தான், அதுவும் சின்னது என்றே காட்டும். கூழாங்கற்களை வைத்து எண்ணிய பழக்கத்தில் அது கணக்கானது. சிறுநீரகக் கல்லை மருத்துவத்தில் இப்போதும் கால்குலஸ் என்றுதான் எழுதுகிறார்கள். கணக்கில் தடுமாறிய எனக்கு இரண்டும் ஒரே வலிதான்.

அப்புறம், 'மூஸ்' என்றதும் உங்களுக்கும் மூஷிகம் ஞாபகம் வந்திருக்கும். அது தற்செயல் இல்லை. சமஸ்கிருதத்தின் மூஷிகமும் லத்தீனின் மூஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தவை. பிள்ளையாரின் வாகனமும் ஜிம்மில் ஏற்றுகிற மஸிலும் ஒரே குடும்பம்!

ஒன்று மட்டும் கவனம்: ஆங்கில மௌஸ் லத்தீனிலிருந்து வந்தது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், நான் எழுதி மாட்டியிருக்கிறேன். பழைய ஆங்கிலத்திலேயே அது 'மூஸ்'தான், ஜெர்மானியக் கிளை வழியாக வந்தது. லத்தீன் எலி அதற்குத் தாய் இல்லை, பங்காளி.